பக்கத்தின் முதல் வரி: டாக்டைப் உண்மையில் என்ன வேலை செய்கிறது?

பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோப்பு ஒன்றுதான். அதைப் பயன்படுத்தும் பக்கங்கள் இரண்டு. இரண்டிலும் ஒரே பேருந்து நேர அட்டவணை, அதற்கு மேலே ஒரு பத்தி. எழுத்தின் அளவு 20 பிக்சல் என்று, பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதையும் சூழ்ந்திருக்கும் பாடி டேகுக்கு ஒரே இடத்தில் சொல்லியாயிற்று. முதல் பக்கத்தில் பத்தியும் அட்டவணையும் 20 பிக்சலில் வருகின்றன. இரண்டாவது பக்கத்தில் பத்தி மட்டும் 20. அட்டவணைக்குள் இருக்கும் எழுத்து 16 பிக்சலுக்குச் சுருங்கிவிடுகிறது. சிஎஸ்எஸ் கோப்பை மேலிருந்து கீழ்வரை தேடினாலும் 16 என்ற எண் எங்கும் இல்லை.

கோளாறு சிஎஸ்எஸ்ஸில் இல்லை. இரண்டாவது பக்கத்தின் சோர்ஸில் (பக்கத்தை எழுதிய எச்டிஎம்எல் மூலத்தில்) முதல் வரி விடுபட்டிருக்கிறது. ‘டாக்குமென்ட் டைப் டிக்ளரேஷன்’ என்று முழுப்பெயரும் ‘டாக்டைப்’ என்று செல்லப்பெயரும் கொண்ட வரி அது. பாடப்புத்தகங்கள் இதை ‘இந்தப் பக்கம் எச்டிஎம்எல்லின் எந்தப் பதிப்பு என்று பிரவுசருக்குச் சொல்லும் வரி’ என்று விளக்கும். அந்த விளக்கத்தை நம்பினால் மேலே சொன்ன அட்டவணைக் குழப்பம் புரியவே புரியாது.

வரியில் இருப்பது என்ன

இன்று எழுதப்படும் டாக்டைப் மிகச் சிறியது. திறக்கும் கோணக்குறி, ஆச்சரியக்குறி, டாக்டைப் என்ற சொல், ஓர் இடைவெளி, எச்டிஎம்எல் என்ற நாலெழுத்து, மூடும் கோணக்குறி. ஆங்கில விசைகளாக எண்ணினால் மொத்தம் 15. பெரிய எழுத்தில் அடித்தாலும் சின்ன எழுத்தில் அடித்தாலும் ஒன்றுதான்.

பார்க்க டேக் மாதிரி இருந்தாலும் இது டேக் அல்ல. இதற்கு மூடும் ஜோடி கிடையாது, உள்ளே எதையும் வைக்க முடியாது, திரையில் எதையும் காட்டாது. பக்கத்தை வாசிக்கத் தொடங்கும் முன் பிரவுசருக்குக் கிடைக்கும் ஒரு குறிப்பு, அவ்வளவுதான்.

பெயர் எங்கிருந்து வந்தது

எச்டிஎம்எல்லுக்கு முன்பே எஸ்ஜிஎம்எல் என்றொரு முறை இருந்தது. 1986இல் ஐஎஸ்ஓ தரமாக வெளியானது. அது ஒரு மொழி என்பதைவிட, மொழிகளை வரையறுக்கும் மொழி. எந்தெந்த டேக்குகள் உண்டு, எதற்குள் எது வரலாம், எதை மூடாமல் விடலாம் என்ற விதிகளைத் தனி ஆவணமாக எழுதி வைப்பார்கள். அந்த விதி ஆவணத்துக்குப் பெயர் டிடிடி. ‘நான் இந்த டிடிடிக்குக் கட்டுப்பட்டவன்’ என்று ஒவ்வொரு கோப்பும் தன் தலையில் எழுதிக்கொள்ளும் வாக்குமூலம்தான் டாக்டைப்.

1995 நவம்பரில் எச்டிஎம்எல் 2.0 வெளியானபோது அது எஸ்ஜிஎம்எல் குடும்பத்து மொழியாகவே எழுதப்பட்டது. அதனால் டாக்டைப்பும் கூடவே வந்தது. 1999 டிசம்பரில் வந்த எச்டிஎம்எல் 4.01, 2000 ஜனவரியில் வந்த எக்ஸ்எச்டிஎம்எல் 1.0 ஆகியவற்றின் டாக்டைப்கள் ஒரு வரியில் அடங்காத அளவு நீளமாயின. விதிகளை வெளியிட்ட அமைப்பின் பெயர், டிடிடியின் பெயர், அது கிடைக்கும் இணைய முகவரி எல்லாம் அதில் இருக்கும். மனப்பாடமாக எழுதியவர்கள் அபூர்வம். எல்லோரும் எங்கிருந்தாவது காப்பி எடுத்து ஒட்டினார்கள்.

அந்த நீண்ட வரியின் நடுவே ‘ஈஎன்’ என்று இரண்டு எழுத்து வரும். தமிழில் பக்கம் செய்தால் அதைத் தமிழுக்கு மாற்ற வேண்டுமோ என்ற சந்தேகம் இயல்பாக வரக்கூடியது. வேண்டாம். அது டிடிடி ஆவணம் எழுதப்பட்ட மொழியைக் குறிப்பது. பக்கத்தின் மொழி தமிழ் என்று சொல்லும் இடம் வேறு: எச்டிஎம்எல் டேகில் உள்ள ‘லாங்’ பண்பு.

சரி, இத்தனை விவரம் கொடுத்தார்களே, பிரவுசர்கள் அந்த டிடிடியைப் போய் வாசித்தனவா? இல்லை. எச்டிஎம்எல் பக்கத்தைத் திறக்க எந்தப் பெரிய பிரவுசரும் அதை இறக்கிப் பார்த்ததில்லை. விதிகள் எல்லாம் பிரவுசருக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. முகவரியை மெனக்கெட்டுப் போய்ப் பார்த்தவை வேறு வகை நிரல்கள், முக்கியமாக எக்ஸ்எம்எல் வாசிக்கும் நிரல்கள். ஒரே கோப்பைத் திரும்பத் திரும்ப இறக்கும் அளவுக்கு அவை கவனக்குறைவாக எழுதப்பட்டிருந்தன. டிடிடிகளுக்காக மட்டும் ஒரு நாளைக்கு 13 கோடி கோரிக்கைகள் வரை தங்கள் சர்வர்களுக்கு வருவதாக இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008இல் புலம்ப வேண்டியதாயிற்று.

ஆக, பிரவுசரைப் பொறுத்தவரை டாக்டைப் ஒரு வேலையும் இல்லாத வரியாகவே கிடந்தது. வேலையே இல்லை என்பதால்தான் அதற்கு வேறொரு வேலை கொடுக்க முடிந்தது.

300 பிக்சல் என்றால் எவ்வளவு?

1996 டிசம்பரில் சிஎஸ்எஸ்ஸின் முதல் பதிப்பு வந்தது. ஒரு பெட்டியின் அகலம் 300 என்று சொன்னால் அது உள்ளே இருக்கும் எழுத்துக்கான இடத்தை மட்டும் குறிக்கும் என்பது அதன் விதி. சுற்றியுள்ள பேடிங்கும் (எழுத்துக்கும் ஓரத்துக்கும் நடுவே விடும் இடம்) பார்டரும் (ஓரக் கோடு) அதற்கு வெளியே கூடும். பேடிங் பக்கத்துக்கு 20, பார்டர் பக்கத்துக்கு 5 என்று வைத்தால், திரையில் பெட்டி பிடிக்கும் இடம் 300 + 40 + 10 = 350.

விண்டோஸில் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 வேறு கணக்குப் போட்டது. 300 என்றால் பார்டரின் வெளி விளிம்புவரை எல்லாம் சேர்த்து 300. எழுத்துக்கு மிச்சம் 250தான். விதிப்படி இது தவறு. ஆனால் வீட்டுக்கு அலமாரி வாங்கப் போகிறவர் எந்த அகலத்தைக் கேட்பார்? வெளி அளவைத்தான். பிற்பாடு சிஎஸ்எஸ்ஸிலேயே ‘பாக்ஸ் சைசிங்’ என்ற பண்பு சேர்க்கப்பட்டு, அந்தப் பழைய கணக்கு முறைப்படி திரும்ப வந்தது. இன்று பலர் புதுத் தளம் தொடங்கும்போது எழுதும் முதல் சில வரிகளில் அதுவும் ஒன்று. தவறாகச் செய்தவர்களிடம்தான் நடைமுறை அறிவு இருந்தது என்று இந்த ஒரு விஷயத்தில் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அது இருக்கட்டும். அப்போதைய சிக்கல் இதுதான். ஏராளமான பக்கங்கள் பிரவுசரின் தவறான கணக்குக்குப் பொருந்துமாறு தட்டிக்கொட்டிச் செய்யப்பட்டிருந்தன. பிரவுசர் திருந்தினால் அவை எல்லாம் கலைந்துபோகும். பக்கத்தைச் செய்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார், அதைத் திருத்த ஆள் இருக்காது. ‘நேற்றுவரை நன்றாக இருந்ததே, புது பிரவுசர் சரியில்லை’ என்றுதான் பயனர் சொல்வார். திருந்தாவிட்டாலோ, தரத்தைப் படித்துவிட்டு ஒழுங்காக எழுதுகிறவர் காலாகாலத்துக்கும் தண்டனை அனுபவிப்பார்.

இரண்டு வகைப் பக்கங்களையும் பிரித்தறிய ஓர் அடையாளம் தேவைப்பட்டது. அதைப் புதிதாக உருவாக்கிப் பயனில்லை. ஏற்கெனவே ஒழுங்காக எழுதப்பட்ட பக்கங்களில் அது இருக்காதே. டாக்டைப்பை அடையாளமாகக் கொள்ளலாம் என்ற யோசனையை இணைய வடிவமைப்பாளர் டாட் ஃபார்னர் 1998இல் முன்வைத்தார். தரத்தை மதிப்பவர்கள் டாக்டைப் எழுதுகிறார்கள், மற்றவர்கள் பெரும்பாலும் எழுதுவதில்லை. அப்படியானால் அந்த வரி இருந்தால் விதிப்படி காட்டு, இல்லாவிட்டால் பழைய பழக்கப்படி காட்டு. 2000 மார்ச்சில் வெளியான மேக் கணினிக்கான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5இல் மைக்ரோசாஃப்ட் பொறியாளர் டான்டெக் செலிக் இதை முதன்முதலில் நடைமுறைப்படுத்தினார். மொஸில்லாவும், 2001இல் விண்டோஸுக்கு வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6ம் அதே வழியைப் பிடித்தன.

விதிப்படி காட்டுவதற்குப் பெயர் ஸ்டாண்டர்ட்ஸ் மோட். பழைய பிரவுசர்களின் கோணங்கித்தனங்களோடு காட்டுவதற்குப் பெயர் குவர்க்ஸ் மோட். பதிப்பைச் சொல்லப் பிறந்த வரி, அன்றுமுதல் ஒரு சுவிட்ச்.

இன்றைய பிரவுசர் எப்படி முடிவெடுக்கிறது

1. டாக்டைப் இல்லை என்றால் குவர்க்ஸ் மோட்.

2. டாக்டைப் இருந்து, அதில் எச்டிஎம்எல் என்ற பெயர் சரியாக இல்லாவிட்டாலும் குவர்க்ஸ் மோட்தான். நவீனமாக இருக்கட்டும் என்று பெயரோடு 5 சேர்த்து ‘எச்டிஎம்எல்5’ என்று எழுதினால், கிடைப்பது 1990களின் நடத்தை.

3. எச்டிஎம்எல் 3.2 போன்ற பழைய பதிப்புகளின் நீண்ட டாக்டைப் இருந்தால் குவர்க்ஸ் மோட். எச்டிஎம்எல் 4.01இல், பழைய டேக்குகளையும் அனுமதிக்கும் ‘டிரான்சிஷனல்’ வகை எழுதி டிடிடியின் முகவரியை விட்டுவிட்டாலும் அதே கதி.

4. அதே டிரான்சிஷனல் வகையில் முகவரியும் இருந்தால் இடைப்பட்ட ஒரு மோட் கிடைக்கும். இதற்குக் காரணம் ஒரே ஒரு விஷயம். கீழே தனியாகப் பார்ப்போம்.

5. இன்றைய 15 குறி டாக்டைப் அல்லது 4.01இன் ‘ஸ்டிரிக்ட்’ வகை இருந்தால் ஸ்டாண்டர்ட்ஸ் மோட்.

இந்த முடிவு ஒரே தடவைதான் எடுக்கப்படும். பிரவுசர் சோர்ஸை முதல் எழுத்திலிருந்து வாசித்துக்கொண்டே போகிறது. வெற்றிடமும் காமென்ட்டும் (திரையில் தெரியாத குறிப்பு) வந்தால் பொறுத்துக்கொள்ளும். வேறு எது வந்தாலும், டாக்டைப் வரவில்லை என்று அந்தக் கணமே தீர்மானித்துவிடும். அதன் பிறகு டாக்டைப் வந்தால், அதைப் பிழை என்று ஒதுக்கிவிட்டு மேலே போகும். பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இந்தப் பொறுமைகூட இல்லாதது: டாக்டைப்புக்கு முன் ஒரு காமென்ட் இருந்தாலே குவர்க்ஸுக்குப் போய்விடும்.

இடைப்பட்ட மோடுக்கு வருவோம். பெரிய படம் ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் டேபிளின் ஒவ்வொரு கட்டத்தில் வைத்து, திரையில் ஒரே படமாகத் தெரியச் செய்வது ஒரு காலத்தின் வடிவமைப்பு உத்தி. ஸ்டாண்டர்ட்ஸ் மோட் வந்ததும் துண்டுகளுக்கு இடையே மெல்லிய கோடுகளாக இடைவெளி தோன்றியது. காரணம் இது. சிஎஸ்எஸ் விதிப்படி ஒரு படம், வரியில் வரும் ஓர் எழுத்து மாதிரி. கோடு போட்ட நோட்டில் ‘ப’ கோட்டின் மேல் உட்காரும். ‘ழ’, ‘து’ போன்றவற்றின் வால் கோட்டுக்குக் கீழே இறங்கும். படமும் ‘ப’ மாதிரி கோட்டின்மேல்தான் உட்காரும். அந்த வரியில் ஒரு ‘ழ’கூட இல்லாவிட்டாலும் அதன் வாலுக்கான இடத்தைப் பிரவுசர் கீழே ஒதுக்கிவைக்கும். அந்த ஒதுக்கீடுதான் படத்துண்டுகளுக்கு நடுவே கோடாகத் தெரிந்தது. இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுத்து மற்ற எல்லாவற்றிலும் விதிப்படி நடப்பதே இடைப்பட்ட மோட்.

குவர்க்ஸ் மோடில் எதெல்லாம் மாறும்

தொடக்கத்தில் சொன்ன அட்டவணைப் புதிருக்கு விடை இங்கே. குவர்க்ஸ் மோடில் டேபிளின் எழுத்து அளவு, தடிமன், வரி உயரம் ஆகியவை பாடியிடமிருந்து இறங்கி வராது. பிரவுசரின் ஆரம்ப அளவுக்கே போய்விடும். பெரும்பாலான பிரவுசர்களில் அது 16 பிக்சல்.

அப்புறம் சில மன்னிப்புகள் உண்டு. அகலம் 300 என்று எழுதி பிக்சல் என்ற அலகை மறந்துவிட்டால், குவர்க்ஸ் மோட் அதைப் பிக்சலாகவே எடுத்துக்கொள்ளும். ஸ்டாண்டர்ட்ஸ் மோட் அந்த வரியையே தூக்கி எறியும். நிறத்தின் எண்ணுக்கு முன் ஹேஷ் (#) குறி போடாவிட்டாலும் இப்படித்தான். கிளாஸ் பெயரை (சிஎஸ்எஸ் அடையாளம் காண டேகுக்கு வைக்கும் பெயர்) எச்டிஎம்எல்லில் பெரிய எழுத்திலும் சிஎஸ்எஸ்ஸில் சின்ன எழுத்திலும் எழுதினால் குவர்க்ஸில் பொருந்தும், ஸ்டாண்டர்ட்ஸில் பொருந்தாது. உயரம் 100 சதவீதம் என்று ஒரு பெட்டிக்குச் சொன்னால், அதைச் சுற்றியுள்ள பெட்டிகளுக்கு உயரம் சொல்லப்படாவிட்டாலும் குவர்க்ஸில் திரை முழுக்க நீளும். ஸ்டாண்டர்ட்ஸில், எதில் 100 சதவீதம் என்ற கேள்விக்கு விடை இல்லாததால், உள்ளடக்கத்தின் உயரத்தோடு நின்றுவிடும்.

‘டாக்டைப் இல்லாதபோது சரியாக இருந்தது, சேர்த்ததும் உடைந்துவிட்டது’ என்ற முறைப்பாடு இங்கேதான் பிறக்கிறது. உடைத்தது டாக்டைப் அல்ல. அதுவரை மூடி மறைக்கப்பட்டிருந்த அலகு, ஹேஷ், எழுத்துப் பிழைகள் அனைத்தும் ஒரே நாளில் வெளியே வருகின்றன.

பரவலான இரண்டு தவறான கருத்துகளையும் இங்கேயே தீர்த்துவிடலாம். டாக்டைப் இல்லாவிட்டால் பெட்டிகள் பழைய எக்ஸ்புளோரர் கணக்கில் சுருங்கும் என்று பல பயிற்சிப் பக்கங்கள் இன்னும் சொல்கின்றன. பழைய எக்ஸ்புளோரரில் அது உண்மை. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் குவர்க்ஸ் மோடிலும்கூட சாதாரணப் பெட்டியின் அகலம் விதிப்படியே கணக்கிடப்படுகிறது. இரண்டாவது, 15 குறி டாக்டைப் போட்டால்தான் வீடியோ, கேன்வாஸ் போன்ற புதிய டேக்குகள் ஓடும் என்பது. டாக்டைப்பே இல்லாத பக்கத்திலும் வீடியோ ஓடும். எச்டிஎம்எல்லின் புதிய தரத்தை எழுதியவர்கள் டாக்டைப்பிலிருந்து பதிப்பு எண்ணையே எடுத்துவிட்டார்கள். சுவிட்சை ‘ஆன்’ செய்யத் தேவையான மிகக் குறைந்த எழுத்துகள் எவையோ அவற்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

எழுதியும் பலிக்காத இடங்கள்

டாக்டைப் கண் முன்னே இருக்கும். பக்கம் குவர்க்ஸில் நிற்கும். இப்படி நடக்கும் மூன்று இடங்கள்:

1. பிஎச்பி எச்சரிக்கை. பிஎச்பி என்பது சர்வரில் பக்கத்தை உருவாக்கும் நிரல் மொழி. சர்வரில் ஏதோ ஒரு மாறி வரையறுக்கப்படவில்லை என்ற எச்சரிக்கை, பக்கம் உருவாகும் முன்பே அச்சாகிவிடும். அந்த ஆங்கில வாக்கியம் டாக்டைப்புக்கு முன்னால் போய் உட்காரும். திரையின் உச்சியில் ஒரு வரி எச்சரிக்கை தெரிகிறது, கூடவே வடிவமைப்பும் குலைகிறது என்றால், இரண்டும் ஒரே நோய்.

2. கண்ணுக்குத் தெரியாத குறி. தமிழில் எழுதுகிறவர்கள் இதில் அதிகம் மாட்டக்கூடும். தமிழ் எழுத்துகளைச் சேமிக்க யுடிஎஃப்-8 என்ற குறியாக்க முறை தேவை. விண்டோஸ் 10இன் 1903 பதிப்புக்கு முந்தைய நோட்பேடில் யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்தால், கோப்பின் தொடக்கத்தில் ‘பிஓஎம்’ என்ற குறியையும் சேர்த்தே சேமிக்கும். பக்கத்தின் முதல் எழுத்தாக ஒரு பிஓஎம் இருந்தால் பிரவுசர் அதை விழுங்கிவிடும், பாதகமில்லை. ஆனால் அமைப்புகளுக்கு ஒரு கோப்பு, தலைப்பகுதிக்கு ஒரு கோப்பு என்று இரண்டு பிஎச்பி கோப்புகளை நோட்பேடில் திருத்திச் சேர்த்தால், டாக்டைப்புக்கு முன் இரண்டு பிஓஎம் வரும். முதலாவது மறையும். இரண்டாவது சாதாரண எழுத்தாகக் கணக்கில் வரும். அது வெற்றிடம்கூட அல்ல. பக்கம் குவர்க்ஸுக்குப் போய்விடும். சோர்ஸைத் திறந்து எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் முதல் வரியில் டாக்டைப்தான் தெரியும்.

3. அச்சிடும் சன்னல். பில் போடும் மென்பொருள்கள் காலியான ஒரு சன்னலைத் திறந்து, அதில் ஜாவாஸ்கிரிப்டால் பில்லை எழுதி, அச்சுக்கு அனுப்புவது வழக்கம். எழுதும் சரத்தில் டாக்டைப் சேர்க்கப்படாவிட்டால் அந்தச் சன்னல் குவர்க்ஸில் திறக்கும். பில் முழுக்க டேபிள் என்பதால் எழுத்து அளவு திரையில் ஒன்று, தாளில் ஒன்றாக வரும்.

எந்த மோட் என்று கண்டுபிடிப்பது

கண்ணால் பார்த்து ஊகிக்க வேண்டாம். பிரவுசரின் கன்சோலை (கட்டளை எழுதிப் பார்க்கும் சன்னல்) திறந்து, டாக்குமென்ட் என்ற பொருளின் ‘காம்பேட்மோட்’ பண்பைக் கேட்டால் போதும். ‘பேக்காம்பேட்’ என்று பதில் வந்தால் குவர்க்ஸ். ‘சிஎஸ்எஸ்1காம்பேட்’ என்று வந்தால் குவர்க்ஸ் இல்லை. இடைப்பட்ட மோடுக்கும் இதே பதில்தான் வரும். ஃபயர்ஃபாக்ஸில் பேஜ் இன்ஃபோ சன்னலிலேயே இது எழுதப்பட்டிருக்கும்.

செர்ன் ஆய்வகத்தின் தளத்தில் இன்றும் கிடைக்கும் உலகின் முதல் இணையப் பக்கத்தைத் திறந்து இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அதில் டாக்டைப் இல்லை, பதில் பேக்காம்பேட். குவர்க்ஸ் மோடை ஏன் இன்னும் ஒழிக்கவில்லை என்பவர்களுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டலாம்.

பழைய தளத்தில் சேர்ப்பது எப்படி

பல வருடங்களாக டாக்டைப் இல்லாமல் ஓடும் தளத்தில், எல்லாப் பக்கத்திலும் ஒரே நாளில் அதைச் சேர்ப்பது வம்பை விலைக்கு வாங்குவது. முதலில் ஒரு பக்கத்தின் நகலில் சேர்த்து, கன்சோலில் வரும் சிஎஸ்எஸ் எச்சரிக்கைகளைப் பார்க்க வேண்டும். அலகு விட்டுப்போன இடங்களையும் ஹேஷ் இல்லாத நிறங்களையும் ஃபயர்ஃபாக்ஸ் அங்கே வரி எண்ணோடு காட்டும். அவற்றைத் திருத்திய பிறகு கிளாஸ் பெயர்களின் பெரிய, சின்ன எழுத்துகளை ஒத்துப் பார்க்க வேண்டும். இதற்கு எந்த எச்சரிக்கையும் வராது, தேடித்தான் ஆக வேண்டும். கடைசியில் டேபிள்கள். குவர்க்ஸில் டேபிளின் எழுத்து சின்னதாகிறது என்று முன்பு யாரோ அதற்கு மட்டும் தனியாக ஓர் அளவு எழுதிவைத்திருக்கக்கூடும், அதுவும் சதவீதத்தில். 125 சதவீதம் என்று எழுதியிருந்தால், 16இல் 125 சதவீதமாக இதுவரை 20 வந்துகொண்டிருந்தது. டாக்டைப் சேர்ந்ததும் 20இல் 125 சதவீதமாகி 25 ஆகும். அந்த வரியை எடுத்துவிட்டால் டேபிள் தானாக 20க்கு வந்துவிடும்.